ஒரு லட்ச ரூபாய்க் காது

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன யுத்தம். காரணம், நான் வாய் தவறிச் சொல்லிவிட்ட ஒரு விலை.

"ஹெட்போனா? லட்ச ரூபாயா? அதுவும் நீங்க ஒருத்தர் மட்டும் கேக்கறதுக்கா?" என்றார் என் மனைவி.

மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. அதைத் தேடித்தான் ஊட்டி வரை போய் வந்தேன். கதையைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் அது என்ன சாமான் என்று சொல்லிவிட வேண்டும். அதன் பெயர் எலெக்ட்ரோஸ்டாடிக் ஹெட்போன். நீங்களும் நானும் மாட்டிக்கொள்ளும் சாதாரண ஹெட்போனுக்குள் ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு சவ்வு. சுருளில் மின்சாரம் ஓடினால் சவ்வு ஆடும், சத்தம் வரும். கல்யாண வீட்டு மைக்செட்டுக்கும் இதே தத்துவம்தான். எலெக்ட்ரோஸ்டாடிக்கில் காந்தமும் கிடையாது, சுருளும் கிடையாது. இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட உலோகத் தகடுகள். நடுவில் இரண்டு மைக்ரான் கனம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சவ்வு. நம் தலைமுடி ஒன்றின் கனம் எழுபது மைக்ரான் வாக்கில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சவ்வில் 580 வோல்ட் ஏற்றி வைத்திருப்பார்கள். பாட்டு வோல்டேஜாகத் தகடுகளுக்கு வரும். ஒரு தகடு இழுக்க, மறு தகடு தள்ள, சவ்வு முழுவதும் ஒரே சீராக அசையும். பாரமே இல்லை என்பதால் போ என்றால் போகும், நில் என்றால் நிற்கும். மிருதங்கத்தில் விரல் படும் சத்தமும், பட்ட பிறகு தோல் அதிரும் சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும் என்கிறார்கள். விழுகிறது. நானே கேட்டேன்.

580 வோல்ட்டையா காதில் மாட்டிக்கொள்வது என்று பயப்படாதீர்கள். வோல்டேஜ்தான் அதிகம், மின்னோட்டம் இம்மியளவு. ஆனால் அந்த வோல்டேஜைக் கொடுக்க இதற்கென்றே ஒரு தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். செல்போனில் நேரே சொருக முடியாது. அதாவது ஒரு பொருள் வாங்கப் போனால் இரண்டு பொருள் வாங்கியாக வேண்டும். வணிகவியல் படித்தவனுக்கு இங்கேயே மணி அடிக்க வேண்டும். எனக்கு அடிக்கவில்லை.

ஜப்பானில் 1938-ல் தொடங்கிய ஸ்டாக்ஸ் என்ற கம்பெனி 1960-ல் இந்த வகை ஹெட்போனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் அதை ஹெட்போன் என்றே சொல்வதில்லை, 'இயர்ஸ்பீக்கர்' என்பார்கள். 2011-ல் எடிஃபையர் என்ற சீனக் கம்பெனி ஸ்டாக்ஸை வாங்கியது. ஜெர்மனியின் சென்ஹைசர் 1991-ல் ஆர்ஃபியஸ் என்று ஒன்றைச் செய்தது, உலகத்துக்கே சுமார் முந்நூறுதான். 2015-ல் அதன் அடுத்த அவதாரத்தைப் பளிங்குக்கல் பெட்டியோடு அறிவித்தார்கள். விலை ஐம்பதாயிரம் யூரோ வாக்கில். அந்தக் காசுக்கு ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கிப் போடலாம்.

ஆகவே இந்த உலகத்தில், இறக்குமதிச் செலவெல்லாம் சேர்த்து லட்சத்தைத் தொடும் ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஜோடிக்குப் பெயர் 'ஆரம்ப நிலை'. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த வியாபாரிக்குச் சிலை வைக்கலாம். வாங்குகிறவனிடம் 'இது போதும்' என்று சொல்லாமல் 'இது வாசல்படி' என்று சொல்கிறான் பாருங்கள். வாசல்படி வரை போனவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவானா?

ஊட்டிக்கு ஏன் போனேன் என்றால், எனக்குத் தெரிந்து இந்தச் சாமானை வீட்டில் வைத்திருக்கும் ஒரே மனிதர் அங்கேதான் இருக்கிறார். குன்னூரில் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊட்டி டவுனை விட்டுத் தள்ளி, கேரட் தோட்டங்களுக்கு நடுவே வீடு. தூறல், மூடுபனி, சாயங்காலம் நாலு மணிக்கே விளக்கு. வாசலில் என் செருப்பைக் கழற்றுவதற்குள் "தம்பி, சாக்ஸைக் கழட்டாதீங்க, தரை ஐஸ் கட்டி" என்றார்.

பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை இறக்கினார். காற்றுப் புகாத மூடி. உள்ளே ஹெட்போன், சுற்றிலும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

"ஈரம் இதுக்கு எமன். ஈரமும் தூசியும் உள்ள போச்சுன்னா சார்ஜ் நிக்காது. ஒரு பக்கம் சத்தம் கம்மியாயிடும், இல்லேன்னா கீச்சுனு கத்தும். டீத்தூளும் இதுவும் ஒரே குணம், திறந்து வெச்சா போச்சு."

"அப்ப ஊட்டியில இருக்கறவர் இதை வாங்கலாமா?" என்றேன்.

"வாங்கக் கூடாதுதான்" என்று சிரித்தார். "ஆனா இன்னொண்ணு பாருங்க. இது திறந்த மாதிரி. உள்ள இருக்கற சத்தம் வெளிய போகும், வெளிய இருக்கறது உள்ள வரும். உங்க ஊர்ல ஆட்டோ ஹாரனும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் சேர்ந்து கேக்கும். இங்க ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கேட்டுப் பாருங்க, ஒண்ணும் கேக்காது. பனிதான் பெய்யும்."

வாங்க நினைப்பவர்களுக்கு அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், கட்டுரை படித்த காசு உங்களுக்கு அதிலாவது தேறட்டும். முதல் தடவை வாங்குகிறவர் ஹெட்போனையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே கம்பெனியின் ஜோடியாகவே வாங்குவது நல்லது. பழையது வாங்கினால் பின்னை எண்ணிப் பாருங்கள். ஸ்டாக்ஸின் அந்தக் கால மாடல்களுக்கு ஆறு பின், 230 வோல்ட். பிற்பாடு வந்தவற்றுக்கு ஐந்து பின், 580 வோல்ட். ஒன்றுக்கு ஒன்று சேராது. அமெரிக்காவின் காஸ் கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பது வேறு பின், 600 வோல்ட். ஜப்பானிலிருந்து நேரே வரவழைக்கும் ஆம்ப்ளிஃபயர் 100 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். நம் வீட்டு 230-ல் சொருகினால் இசை வராது, புகை வரும். வீட்டில் ஏற்கெனவே நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதன் ஸ்பீக்கர் இணைப்பில் மாட்டும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி கிடைக்கிறதா என்று தேடலாம், செலவு குறையும். இரண்டு காதிலும் சத்தம் சமமாக இருக்கிறதா என்று அரை மணி நேரமாவது கேட்காமல் பழசை வாங்கவே கூடாது. ரிப்பேர் என்றால் தெருமுனை மெக்கானிக்கிடம் நீட்ட முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

கேட்டேன். அவருடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்து, கம்பளி போர்த்திக்கொண்டு, வீணைக் கச்சேரி ஒன்று. என்ன சொல்ல? சவ்வு இருப்பதே தெரியவில்லை. அறையில் யாரோ வாசிப்பது போல என்று எழுதினால் அது விளம்பர வாசகம். எனக்குப் பட்டது வேறு. தந்தியில் நகம் உரசும் சத்தம், மெட்டின் மேல் விரல் வழுக்கும் சத்தம், அதெல்லாம் பாட்டுக்கு வெளியே இருப்பவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, அவையும் பாட்டுத்தான் என்று தெரிந்தது.

அவர் மனைவி பக்கத்து அறையில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வீணைக்கு நடுவே மாமியார் மருமகளைத் திட்டுவதும் கேட்டது. திறந்த ஹெட்போன் அல்லவா! "அதை மாட்டிக்கிட்டா ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி உக்காந்துடுவாரு" என்றார் அந்த அம்மா, காபி கொண்டுவந்து வைத்தபோது.

கணக்குக்கு வருகிறேன். பி.காம் படித்ததற்கு இதையாவது செய்ய வேண்டும். ஒரு லட்சம், பத்து வருடம் உழைக்கும் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்தாயிரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் மணிக்கு 27 ரூபாய் சொச்சம். ஒரு டீயும் வடையும். இப்படிப் பார்த்தால் மலிவு. ஆனால் அதே மலையில், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற சரிவில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பல மாதக் கூலி அந்த லட்சம். இப்படிப் பார்த்தால் பாவம். இரண்டு கணக்குமே சரிதான். எந்தக் கணக்கை முதலில் போடுகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை இருக்கிறது. நான் 27 ரூபாய்க் கணக்கைத்தான் முதலில் போட்டேன்.

ஹெட்போனுக்காகவும் ஒரு வார்த்தை வாதாடிவிடுகிறேன். இதே லட்சத்தை பைக்கில் போட்டால் யாரும் கேட்பதில்லை. வரவேற்பறைச் சுவரில் டி.வி.யாக மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டிவிட்டுப் போவார். ஊருக்குக் காட்டும் ஆடம்பரத்துக்கு மரியாதை, யாருக்கும் காட்ட முடியாத ஆடம்பரத்துக்குத் திட்டு. ஒரு மனிதன் இருட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அனுபவிப்பதில் பகட்டு என்று ஒன்றுமே இல்லையே!

"அதனாலதான் அது தப்பு" என்று என் மனைவி சொல்வார். யாருக்கும் காட்ட முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது, ஒருத்தர் மட்டும் தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, அகியோ மொரிட்டா அதில் இரண்டு ஹெட்போன் மாட்ட வழி வைக்கச் சொன்னார். பேச்சு வந்தால் பாட்டின் சத்தத்தைக் குறைத்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு பொத்தானும் இருந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு ஒன்று வாங்கித் தனியாகக் கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் பொத்தானும் போனது, இரண்டாவது துளையும் போனது. கம்பெனி முதலாளிக்கு இருந்த கூச்சம் நமக்கு இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் டேஸ்டரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். என் வயதில் காது பாதி போயிருக்கும். மனிதக் காதின் எல்லை இருபதாயிரம் ஹெர்ட்ஸ் என்பது சின்ன வயதுக் கணக்கு. நாற்பதைத் தாண்டியவனுக்குப் பதினைந்தாயிரம் கேட்டாலே பாக்கியம். இந்தச் சாமானோ நாற்பதாயிரத்தைத் தொடும் என்கிறார்கள். கேட்காத காதுக்கு எதற்கு இத்தனை நுட்பம்?

அவர் நேரே பதில் சொல்லவில்லை. டீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டத்துச் சரக்கையும் ருசி பார்க்க வேண்டும். வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ஒரே எடை தூள், ஒரே அளவு வெந்நீர், ஐந்தாறு நிமிடம். பிறகு ஒரு கரண்டி எடுத்து 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கப் பரப்பி, துப்பிவிட வேண்டும். அடுத்த கோப்பை. அந்த உறிஞ்சலில் தெரியும் ஒரு சின்ன வித்தியாசம் கிலோவுக்கு எத்தனையோ ரூபாயை ஏற்றும், இறக்கும்.

"ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன் தம்பி. ஒண்ணுகூடக் குடிச்சது கிடையாது. எல்லாம் துப்பறதுதான். வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷத்துல நாக்கு அப்படித் தயாராயிடுச்சு. எந்தத் தோட்டம், எந்த மழைக்குப் பறிச்சது, அடுப்புல எவ்வளவு கூடக் காஞ்சிருக்கு, எல்லாம் சொல்லிடுவேன். பெருமைதான். போற வீட்ல எல்லாம் டீயை வாயில வெச்சதும் முகம் மாறும். 'தூள் பழசு'ம்பேன். 'ரொம்பக் கொதிக்க விட்டுட்டீங்க'ம்பேன். ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாருக்கும் டீ வந்துச்சு. எனக்கு மட்டும் மோர்."

நிறுத்தினார்.

"யாரும் எதுவும் சொல்லலை. மோர் மட்டும் வந்துச்சு. அன்னிக்குத்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் நாக்கைக் கழட்டி ஆபீஸ்ல வெச்சுட்டு வரப் பழகினேன். ரெண்டு வருஷம் ஆச்சு பழக. இப்ப பஸ் ஸ்டாண்டு டீயை ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பேன். இந்த ஹெட்போனும் அப்படித்தான். கழட்டி வெச்சதும் சமையல்கட்டுல வீட்டுக்காரி ரேடியோ ஓடும் பாருங்க, ஒரு பக்கம் ஸ்பீக்கர் கிழிஞ்சது. அதுல பாட்டுக் கேக்க முடியுதான்னு பார்ப்பேன். முடியுதுன்னா சரி. முடியலேன்னா அன்னிக்கே இதை வித்துடுவேன்."

பொருளாதாரத்தில் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு பொருள் அதிகமாக அதிகமாக, அடுத்த அலகின் சுகம் குறையும். பரீட்சையில் வாழைப்பழத்தை உதாரணமாக எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் ஒன்றின் சுகம் கூடும்போது வேறு ஒன்றின் சுகம் செத்துப்போகும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. குளிர் மட்டும் காரணமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் நான் கொஞ்சம் நல்ல இயர்போன் ஒன்று வாங்கினேன். ஏழாயிரம் ரூபாய், லட்சத்தின் முன் அது தூசி. அதற்குப் பிறகு காரில் என் மகள் போனிலிருந்து பாட்டுப் போட்டால் "என்ன இது, தகர டப்பா மாதிரி இருக்கு, பிட்ரேட் மோசம்" என்று ஏதாவது சொல்வேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் காரில் பாட்டுப் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அந்தக் குளிரில் எண்ணிப் பார்த்தேன்.

காலையில் இன்னொன்றும் நடந்தது. என் போனில் ஒரு பழைய ஒலிப்பதிவு இருக்கிறது. 1991-ல் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் என் அம்மா பாடிய நலுங்குப் பாட்டு. அம்மா இப்போது இல்லை. கேசட்டைக் கொடுத்துப் போனில் ஏற்றி வாங்கியிருந்தேன். இந்தக் காதில் கேட்டால் இத்தனை நாள் கேட்காத ஏதாவது கேட்கும் என்று ஒரு ஆசை, மறைப்பானேன். டேஸ்டரிடம் அனுமதி கேட்டு மாட்டிக்கொண்டேன்.

புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கேசட்டின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்டது. அந்த மெஷினின் மைக் பிடித்ததே அவ்வளவுதான். இல்லாததை எந்தச் சவ்வும் கொண்டுவராது. பாட்டு பாதியில் இருக்கும்போது ஒரு 'டக்'. அதோடு முடிந்தது. அந்த 'டக்' மட்டும் அவ்வளவு தெளிவாக, பக்கத்தில் யாரோ அழுத்தியது போல.

அழுத்தியது நான்தான். அப்போது எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. மீதி டேப்பில் சினிமாப் பாட்டுப் பதிய இடம் வேண்டும் என்று அம்மா பாடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினேன். அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார் என்று ஞாபகம். பாட்டின் மிச்சம் எந்த விலைக்கும் கிடைக்காது. அது ஹெட்போன் கடைக்காரரின் குற்றமும் இல்லை.

கிளம்பும் முன் டேஸ்டர் என்னை முத்தொரைக்கு அழைத்துப் போனார். அங்கே சரிவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் கட்டியது, 1970-லிருந்து வேலை செய்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த நீளம் முழுக்க ஆயிரத்து நூறு மெல்லிய எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் இம்மியளவு ரேடியோ அலையைக் கேட்கும் காது அது. ஊட்டி ஏன் என்றால், இந்த ஊர் பூமத்திய ரேகைக்குப் பதினொரு டிகிரி வடக்கே இருக்கிறது. பதினொரு டிகிரி சரிவுள்ள ஒரு மலையைத் தேடிப் பிடித்து அதன் மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே திசையில் மெல்ல உருட்டினால் போதும், ஒரு நட்சத்திரத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் கேட்கலாம். காசைக் கொட்டிப் பெரிய யந்திரம் செய்வதற்குப் பதில் மலையைத் தேடியிருக்கிறார்கள்.

"எதைக் கேக்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டாங்க" என்றார் டேஸ்டர். "அப்புறம்தான் காதை வாங்கினாங்க."

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இரண்டு குடித்தார். எனக்கு அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். வெளியே சொல்லவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பணம் வங்கியிலேயே இருக்கிறது. வாங்கவில்லை, வாங்க மாட்டேன் என்று சத்தியமும் செய்யவில்லை. ராத்திரி சில சமயம் அந்த வீணையின் நகச் சத்தம் ஞாபகம் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளை டியூஷனில் விடக் காரில் போனோம். சிக்னலில் நிற்கும்போது, சாதாரணமாகக் கேட்பது போல, "ஏதாவது பாட்டுப் போடேம்மா" என்றேன்.

என்னை ஒரு முறை பார்த்தாள். "பரவாயில்லப்பா" என்று சொல்லி, தன் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.